விடுமுறை நாளும் சுபமுகூர்த்தமும்



"கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்றா?" என்று ஊரில் ஒருவர் கேட்டால், பஞ்சாங்கம் பார்த்தாயிற்றா என்பதே அதன் பொருள். அதே கேள்வியை இலண்டனில் கேட்டால், மண்டபம் கிடைத்ததா, லீவு கிடைத்ததா என்று பொருளாகிவிட்டது. முதலில் சனி, ஞாயிறு அல்லது வங்கி விடுமுறைத் திங்கள் என்று தீர்மானித்துவிடுகிறோம். அதன் பிறகே குருக்களிடம் போய், "அன்றைக்கு ஒரு நல்ல நேரம் எடுத்துத் தாருங்கோ ஐயா" என்கிறோம். குருக்களும் எமது நிலை தெரிந்தவர், எடுத்துத் தருகிறார்.

இது சரியா, பிழையா என்ற வாதம் கோவில் மடைப்பள்ளியிலும் வாசலிலும் அடிக்கடி நடப்பதுதான். பெரியவர்களில் ஒரு சாரார், "நாளுக்கு ஏற்ப நாங்கள் நடந்த காலம் போய், எங்களுக்கு ஏற்ப நாளை நடத்துகிற காலம் வந்திட்டுது" என்று மனம் வருந்துகிறார்கள். இளையவர்களில் ஒரு சாரார், "எல்லாரும் வரக்கூடிய நாள்தானே நல்ல நாள்? பிறகென்ன பஞ்சாங்கம்?" என்கிறார்கள். இரு பக்கத்தாரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். விடுமுறை நாளில் கலியாணம் வைப்பது வெளிநாட்டுக்கு வந்தபின் எமக்கு ஏற்பட்ட புதுப் பழக்கம், அது எமது வசதிக்காகச் செய்வது என்று இருவரும் நினைக்கிறார்கள்.

வசதி என்ற இந்தச் சொல்லையே நாம் இங்கே விசாரிக்க விரும்புகிறோம். நாம் வந்து குடியேறிய இதே நகரத்தில், நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏழை மக்களும் விடுமுறை நாளைத் தேடியே மணம் முடித்தார்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் எமது வாதத்துக்கும் ஒரு வெளிச்சம் கிடைக்கும்.

கிழக்கு இலண்டனின் நத்தார்க் கலியாணங்கள்

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஈஸ்ட்ஹாமுக்கு மேற்கே சில மைல் தூரத்தில் பெத்னல் கிறீன், ஸ்ரெப்னி, ஷோடிச் என்ற பகுதிகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகக் கூலிகளும், பட்டு நெசவாளரும், வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டியும் துணி தைத்தும் பிழைத்த பெண்களும் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அப்பகுதித் தேவாலயங்களின் பழைய விவாகப் பதிவேடுகளைப் புரட்டித் தமது பாட்டன் பூட்டன் பெயரைத் தேடும் ஆங்கிலேயர் ஒரு விடயத்தைக் கண்டு வியப்படைவதுண்டு. டிசெம்பர் 25ஆம் திகதியில், நத்தார் நாளிலே, சோடி சோடியாகத் திருமணங்கள் பதிவாகியிருக்கும்.

இயேசு பிறந்த நாளில் மணந்தால் புண்ணியம் என்று நினைத்தார்களா? சிலர் நினைத்திருக்கலாம். முதற் காரணம் அதனிலும் எளியது. அன்று வேலை இல்லை.

அக்காலச் சட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். காலை 8 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் இடையிலேயே திருமணம் நடைபெற வேண்டும் என்பது பழைய தேவாலய விதி. 1836ஆம் ஆண்டின் விவாகச் சட்டமும் அதே நேரத்தையே வைத்துக்கொண்டது. 1886இலேதான் அது பிற்பகல் 3 மணி வரை நீட்டப்பட்டது. 1934இல் மாலை 6 மணி வரை. அந்த நேரக்கட்டு முற்றாக நீங்கியது 2012இல்தான்! வாரத்தில் ஆறு நாள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை உழைத்த ஒருவருக்கு முற்பகலில் கலியாணம் என்றால் ஒரு நாட் கூலி போயிற்று. கூலி மட்டும் போனால் பரவாயில்லை. வேலையே போனாலும் கேட்பாரில்லை. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளில் உழைத்த பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது. ஆனால் 2 மணிக்கு வெளியே வந்தவளுக்குத் தேவாலயத்தின் முகூர்த்த நேரம் அப்போதே கடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் மணந்தார்கள். ஆனால் மறுநாள் விடிய வேலைக்குப் போக வேண்டும். ஆண்டில் முழு நாளாகக் கிடைத்த மற்றைய ஓய்வு நாட்கள் மிகச் சில. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைப் பிள்ளைகளுக்கு உறுதி செய்த முழு விடுமுறை நாட்கள் இரண்டே இரண்டு. ஒன்று நத்தார், மற்றது பெரிய வெள்ளி. பெரிய வெள்ளி துக்க நாள்; அன்று மணவிழாக் கொண்டாடுவதெப்படி? மிஞ்சியது நத்தார். 1871இல் சேர் ஜோன் லபொக் என்பவர் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம் டிசெம்பர் 26ஐயும் விடுமுறையாக்கியது. அதன்பின் நத்தாரில் மணந்தவர்களுக்குக் கலியாணத்துக்கு ஒரு நாள், சேர்ந்திருக்க இன்னொரு நாள் என்று இரண்டு நாட்கள் கிடைத்தன. அதற்குமேல் தேனிலவு என்று ஒன்றை அவர்கள் கண்டதில்லை.

வேறு நன்மைகளும் இருந்தன. வேறு ஊர்களில் வேலைக்கு நின்ற பிள்ளைகள் அன்று வீட்டுக்கு வருவார்கள். எப்படியும் சமைக்கவேண்டிய பெருநாட் சாப்பாடே கலியாணச் சாப்பாடாகும். சில தேவாலயங்கள் அன்று கட்டணத்தைக் குறைத்தன. சிலவற்றில் பல சோடிகளை வரிசையாக நிறுத்தி ஒரே தடவையில் மணம் செய்துவைத்தார்கள். இந்தக் கூட்டு மணம் இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. மான்செஸ்டர் நகரின் பெரிய தேவாலயத்தில் 1790 தொடக்கம் 1821 வரை பணியாற்றிய ஜோசுவா புறூக்ஸ் என்ற குருவானவர் இதில் பெயர் பெற்றவர். கூட்டத்தில் சோடிகள் மாறி நின்றுவிட்டதாகச் சிலர் முறையிட, வெளியே போகும்போது உங்கள் உங்கள் ஆளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கேட்க எமக்குச் சிரிப்பு வருகிறது. அந்த வரிசையில் நின்ற பெண்ணுக்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு மணநாள் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர்களுக்கும் ஒரு மார்கழி

இங்கே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. நாம் மார்கழியில் கலியாணம் வைப்பதில்லை. டிசெம்பர் நடுப்பகுதியில் தொடங்கித் தைப்பொங்கல் வரை அது வழிபாட்டுக்குரிய காலம். பழைய கிறித்தவ வழக்கிலும் இதற்கு ஒத்த ஒரு விலக்கு இருந்தது. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் தொடங்கி, சனவரி நடுப்பகுதி வரை திருமணம் கூடாது என்பது மத்திய காலத் திருச்சபையின் கட்டு. அதாவது அவர்களுக்கும் ஒரு மார்கழி இருந்தது. அதுவும் ஏறக்குறைய எமது மார்கழி நாட்களிலேயே இருந்தது.

இங்கிலாந்தில் அந்தக் கட்டு காலப்போக்கில் தளர்ந்தது. முன்னோர் மணம் கூடாது என்று விலக்கிவைத்த அதே காலத்தின் நடுநாளிலே பெத்னல் கிறீன் ஏழைகள் வரிசையில் நின்றார்கள். இவர்கள் பக்தியில்லாதவர்களா? பக்தியில்லாதவர்கள் தேவாலயத்துக்கு ஏன் போகவேண்டும்? பதிவாளர் அலுவலகத்தில் மணக்கும் உரிமையை 1836ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்துவிட்டது. அப்படியிருந்தும் தேவாலயத்தையே நாடிப் போனார்கள். தமக்கென்று இருந்த ஒரே ஒரு நாளைக் கொண்டுபோய்த் தமது வாழ்வின் பெரிய கருமத்துக்குக் கொடுத்தார்கள். நேரமும் பணமும் உள்ளவன் பல நாட்களில் ஒன்றைத் தெரிவு செய்கிறான். இல்லாதவன் இருக்கிற ஒன்றைக் கொடுக்கிறான். இரண்டாவது செயலுக்கு வசதி என்று பெயர் வைப்பது நியாயமாகாது.

ஊரில் நடந்தது

எமது ஊர்களில் நிலைமை வேறு. வயலும் தோட்டமும் வைத்திருந்தவர்களுக்கு லீவு கேட்க வேண்டிய எசமான் இல்லை. முகூர்த்தம் புதன்கிழமையில் வந்தாலும் அயலெல்லாம் கூடிவிடும். பள்ளிக்கூட வாத்தியார் அரைநாள் லீவு போடுவார். கொழும்பிலே அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் இரவு மெயில் வண்டியில் வந்திறங்குவார். பந்தலிலே கூடிய சனத்தில் பெரும்பகுதி நடந்து வரும் தூரத்தில் இருந்தது. ஆகவே நாளையும் நேரத்தையும் கோள்களிடம் விட்டுவிட முடிந்தது. மனிதர்கள் எப்படியும் வருவார்கள் என்ற உறுதி அதற்குப் பின்னால் இருந்தது.

விடுமுறையும் முகூர்த்தமும் ஒன்றுக்கொன்று எதிராகப் போன ஒரு காலத்தையும் எமது மூத்தோர் கண்டிருக்கிறார்கள். இலங்கையில் 1966 தொடக்கம் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமிகள் என நான்கு போயா நாட்கள் விடுமுறையாக்கப்பட்டன. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. இவற்றில் அட்டமியும் அமாவாசையும் எம்மவர் கலியாணத்துக்கு விலக்கும் திதிகள்! வேலையில்லாத நாளில் முகூர்த்தமில்லை, முகூர்த்த நாளில் வேலை என்ற நிலை உத்தியோகத்தருக்கு ஏற்பட்டது. ஆயினும் கலியாணங்கள் பஞ்சாங்கப்படியே நடந்தன. அவர்கள் எம்மைவிட உறுதியானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. சுற்றம் அருகில் இருந்தது, அதனால் முடிந்தது.

சுற்றத்தை விட்டுத் தூரம் போன தமிழருக்கு அது முடியவில்லை. 1860 தொடக்கம் தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய வாரத்தில் ஓய்வு நாள் ஞாயிறு. அங்கே தமிழ்க் கலியாணம் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்ற வழக்கம் ஊன்றிவிட்டது. அதற்காக அவர்கள் மணவறையையோ தாலியையோ கைவிடவில்லை. தலைமுறைகள் கடந்தும் தமிழ்மொழி வீட்டில் மெலிந்துபோன பிறகுங்கூட அந்தச் சடங்குகளைக் காத்துவந்திருக்கிறார்கள். நாளிலே விட்டுக்கொடுத்தவர்கள் கலியாணத்தைக் காப்பாற்றினார்கள்.

1983க்குப் பின் எமது மக்களுக்கு நேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை இலண்டனிலோ சூரிச்சிலோ, பெண் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ. ஊருக்குப் போக முடியாது. ஆகையால் சென்னையிலோ திருச்சியிலோ சிங்கப்பூரிலோ கலியாணம். மாப்பிள்ளையின் லீவு, விசா, விமானச் சீட்டு ஆகிய மூன்றும் கூடிய இரண்டு கிழமைக்குள் முகூர்த்தம் தேடினோம். பெண்ணின் அம்மம்மா வரமுடியாத கலியாணங்களும், மாப்பிள்ளையின் தகப்பனார் ஒளிநாடாவில் பார்த்துக் கண்ணீர்விட்ட கலியாணங்களும் எத்தனை! அக்காலத்தில் எமக்குக் குறைந்துபோனது நல்ல நேரமன்று. வாழ்த்த வேண்டிய கைகளே குறைந்துபோயின.

பஞ்சாங்கமும் இலண்டன் பொழுதும்

இனிப் பஞ்சாங்கத்தின் பக்கம் நின்றும் சற்றுப் பார்ப்போம். விடுமுறை நாளைத் தெரிவதால் பஞ்சாங்கத்தைக் கைவிட்டவர்கள் ஆகிறோமா?

இங்கிலாந்தில் ஆண்டுக்கு எட்டுப் பொது விடுமுறைகள். நத்தார், அதற்கு அடுத்த நாள், புத்தாண்டு ஆகிய மூன்றும் மார்கழியில் விழுகின்றன. அவை எமக்கு உதவா. மிஞ்சிய ஐந்தில் பெரிய வெள்ளி தவிர்ந்த நான்கும் திங்கட்கிழமைகள். ஈஸ்டர்த் திங்கள் பங்குனியிலோ சித்திரையிலோ வரும். மே மாதத்தின் முதற் திங்கள் சித்திரை. கடைசித் திங்கள் வைகாசி. ஓகஸ்ட் கடைசித் திங்கள் ஆவணி. 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விடுமுறை ஓகஸ்ட் முதற் திங்களில் இருந்தது. அப்படியே இருந்திருந்தால் அது எமது ஆடிக்குள் அகப்பட்டிருக்கும். 1965இல் பரீட்சார்த்தமாகவும் 1971இல் சட்டமாகவும் அதை மாதக் கடைசிக்குத் தள்ளிய ஆங்கிலேயர் எம்மை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் எமக்கு ஓர் ஆவணி முகூர்த்தத்தைத் தந்துவிட்டுப் போனார்கள்.

கிழமையைப் பார்த்தாலும் செவ்வாயும் சனியுமே கலியாணத்துக்கு விலக்கப்படுபவை. திங்கள் நல்ல கிழமை. நாம் இங்கே அதிகமாகக் கலியாணம் வைக்கும் சனிக்கிழமையைவிட வங்கி விடுமுறைத் திங்கள் பஞ்சாங்கத்துக்கு நெருங்கியது. விடுமுறை நாளைக் குறைசொல்லும் பெரியவர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறோம்.

நேரத்திலும் எமது கவனம் போதாது. இராகுகாலம் என்பது சூரிய உதயம் முதல் அத்தமனம் வரையுள்ள பகற்பொழுதை எட்டாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கை எடுப்பது. யாழ்ப்பாணத்தில் பகல் ஏறக்குறையப் பன்னிரண்டு மணித்தியாலம். ஆகவே ஒரு பங்கு ஒன்றரை மணித்தியாலம். இலண்டனில் யூன் மாதக் கடைசியில் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கும் மேல்; ஒரு பங்கு இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும். டிசெம்பரில் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு; ஒரு பங்கு ஒரு மணித்தியாலங்கூட இல்லை. ஞாயிறு இராகுகாலம் கடைசிப் பங்கு. நாட்காட்டியில் 4.30 முதல் 6 வரை என்று அச்சடித்திருக்கும். கோடைகால இலண்டனில் அது இரவு 7 மணி கடந்தே தொடங்கும்! ஊர் நாட்காட்டியைச் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டு, அதன்படி மணமகளை அவசரப்படுத்துவது பஞ்சாங்கத்தை மதிப்பதாகாது. குருக்களிடம் இந்த ஊர் உதயத்துக்குக் கணித்துத் தரும்படி கேட்பதே மதிப்பது. நாளை எமது மக்களின் ஓய்வு தீர்மானிக்கட்டும். அந்த நாளுக்குள் நேரத்தைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கட்டும். இதில் முரண்பாடு ஒன்றையும் நாம் காணவில்லை.

எது நல்ல நாள்?

அகநானூற்றில் 86ஆம், 136ஆம் பாட்டுகள் பழந்தமிழர் திருமணத்தைக் காட்டுகின்றன. ஒன்றில் திங்கள் உரோகிணியோடு கூடிய நல்ல நாள் சொல்லப்படுகிறது. மற்றதிலும் விடியற்காலமும் நல்ல நாளும் உண்டு. ஆகவே நாட் பார்ப்பது இடையில் வந்து புகுந்த பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே பாட்டுகளில் பந்தலும், மணல் பரப்பிய முற்றமும், விருந்தும், வாழ்த்தும் உண்டு. வானமும் வேண்டும், வந்தவர்களும் வேண்டும் என்பதே பழைய அமைப்பு.

எமது சடங்கிலும் அப்படியே. அக்கினி சாட்சி, அதனோடு பெரியோர் சாட்சி. தாலி கட்டியபின் வந்தவர் ஒவ்வொருவரும் அறுகரிசி இட்டு வாழ்த்துகிறார்கள். இந்த நாட்டுச் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. தேவாலயத்தில் மூன்று ஞாயிறுகளில் மணமக்கள் பெயரை ஊரறிய வாசிப்பார்கள், தடையுள்ளவர் சொல்லலாம். 1836ஆம் ஆண்டுச் சட்டம் கதவுகள் திறந்திருக்க, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மணம் நடைபெற வேண்டும் என்றது. இருவர் தனியே செய்யும் ஒப்பந்தமாக இருந்தால் கதவு திறந்திருக்க வேண்டியதில்லை. ஊரார் காண வாக்குக் கொடுத்தவர்களை ஊரார் தாங்க வேண்டும். அதற்காகவே கதவு திறந்திருக்கிறது. பின்னொரு நாள் சண்டை வந்தால், நோய் வந்தால், வேலை போனால், அறுகரிசி இட்ட கைகளுக்கு ஒரு கடமை இருக்கிறது.

அப்படியானால் நாள் தெரிவதென்பது யார் சாட்சியாக வரமுடியும் என்பதைத் தெரிவதுமாகும். விடுமுறை நாளில் மணந்த பழைய தலைமுறையார் இதை நூல் படித்து அறியவில்லை. தமது தாயும் சகோதரரும் கூட வேலை செய்பவரும் எப்போது வரமுடியும் என்று பார்த்தார்கள். அந்த நாளில் மணந்தார்கள்.

ஆனால் எல்லா விட்டுக்கொடுப்பும் ஒன்றல்ல. இந்த நாட்டில் 1960களின் பிற்பகுதி வரை, ஏப்ரல் 5ஆம் திகதி வருமானவரி ஆண்டு முடியுமுன் மணந்துகொண்டால் அந்த ஆண்டு முழுவதற்குமான வரிச்சலுகை கிடைத்தது. அதனால் மார்ச் மாதத்தில் கலியாணங்கள் குவிந்தன. சலுகை மாறியதும் அந்த மார்ச் முகூர்த்தமும் மறைந்தது. அதைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஏழைக்குக் காசு காசுதான். இருந்தாலும் பலருடைய ஓய்வுக்காக நாளை மாற்றுவது ஒன்று. பணப்பைக்காக மாற்றுவது இன்னொன்று. இன்று நாம் எதற்காக மாற்றுகிறோம்? பெரிய மண்டபம் அந்தச் சனிக்கிழமைதான் கிடைக்கிறது என்று இரண்டு ஆண்டு காத்திருக்கிறோம். புகைப்படக்காரருக்கும் அலங்காரக்காரருக்கும் ஒத்துவரும் நாளைக் கேட்கிறோம். பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒத்துவருமா என்பதைக் கடைசியில் தொலைபேசியில் அறிவிக்கிறோம். இதைத்தான் வசதி என்று சொல்ல வேண்டும். பெரியவர்களின் வருத்தத்தில் நியாயமுள்ள இடமும் இதுவே.

யாருடைய ஓய்வு?

இன்னொரு கேள்வியையும் நாம் தவிர்க்கக்கூடாது. விடுமுறை நாள் எல்லாருக்கும் விடுமுறையா?

1994ஆம் ஆண்டின் ஞாயிறு வர்த்தகச் சட்டம் வந்தபின் இங்கிலாந்தில் பெரிய கடைகளும் ஞாயிறுகளில் ஆறு மணித்தியாலம் திறக்கலாம் என்றாயிற்று. ஞாயிறு என்ற பொது ஓய்வு அன்றோடு குறைந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பவர், மருத்துவமனைத் தாதி, சொந்தக் கடையைப் பூட்ட முடியாத அண்ணன், இவர்களெல்லாம் யார்? எமது உறவினரே. "சனிக்கிழமைதானே, வரலாந்தானே?" என்று நாம் கேட்கும்போது, அவர்களுக்கு அது ஒரு வேலைநாள் என்பதை மறந்துவிடுகிறோம். வராதவரை நன்றியில்லாதவர் என்று பேசியும் விடுகிறோம்.

அக்கால ஏழைக்கு இல்லாத ஒன்று எமக்கு உண்டு. 1998 முதல் சம்பளத்துடன் கூடிய லீவு சட்டப்படியான உரிமை. 2009 முதல் அது முழுநேர வேலையாளருக்கு 28 நாள். எமக்குத் தெரிவு இருக்கிறது. தெரிவு இருப்பவர்களுக்கே பொறுப்பும் கூட.

ஆகவே எமது சங்கக் குடும்பங்களுக்குச் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறோம். மண்டபத்தைப் பதியுமுன் நெருங்கிய உறவினர் பத்து வீட்டாரைக் கேளுங்கள். முக்கியமாக முறைமாறி வேலை செய்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் லீவு எழுதிக் கொடுக்கப் போதிய மாதங்கள் முன்னதாகவே திகதியைச் சொல்லுங்கள். வங்கி விடுமுறைத் திங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஈஸ்டர் ஞாயிறையும் நினைத்துப் பாருங்கள். பெரிய கடைகள் சட்டப்படி மூடவேண்டிய நாட்களில் அது ஒன்று, மார்கழிக்கு வெளியேயும் வருவது. பங்குனி ஒத்துவராத குடும்பங்கள் அது சித்திரையில் விழும் ஆண்டைப் பார்க்கலாம். அன்று எமக்காக உழைப்பவர்களையும் நினையுங்கள். எமது ஓய்வு நாளில் குருக்களுக்கு ஓய்வில்லை; நாதஸ்வர, தவில் கலைஞருக்கு ஓய்வில்லை; சமையற்காரருக்கும், பந்தி முடிந்தபின் மண்டபம் கூட்டுபவருக்கும் ஓய்வில்லை. அவர்களைச் சாப்பிட இருத்தி, உரிய சன்மானத்தைத் தாமதமின்றிக் கொடுத்து அனுப்புவதும் கலியாணச் சடங்கில் ஒன்றென்றே கொள்ள வேண்டும்.

நாளை மாற்றிவிட்டோமே என்று பெரியவர்கள் வருந்த வேண்டாம். பெத்னல் கிறீன் நெசவாளியும் நேற்றால் கரும்புத் தோட்டத் தமிழரும் தமக்குக் கிடைத்த நாளையே நல்ல நாளாக்கினார்கள். பஞ்சாங்கம் எதற்கு என்று இளையவர்கள் தள்ளிவிடவும் வேண்டாம். நாம் நினைத்ததே நாள் என்ற எண்ணம் வராமல் தடுக்க ஒரு கட்டு வேண்டும். அதை முன்னோர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த முறை ஒரு வீட்டில் கலியாணப் பேச்சு எழும்போது, நேரம் நல்லதா என்று குருக்களைக் கேட்போம். அன்றைக்கு உங்களால் வரமுடியுமா என்று சுற்றத்தாரைக் கேட்போம். இரண்டுக்கும் ஆமென்று விடை வந்தால் அதுவே சுபமுகூர்த்தம்.

மணமக்களாகப் போகும் எமது பிள்ளைகள் அனைவரும் சுற்றம் சூழ நீடு வாழ வாழ்த்துகிறோம்.